திருத்த ஒன்றுமில்லாத மெசேஜ்கள்

ஆம்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் பாப்பாவும் உங்கள் அப்பாவும் சுகம். நீங்கள் சுகம்தானா? போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் போனுக்கு நான் அனுப்புவதை வேறு ஒருவர் படிக்கிறார். அதனால்தான் லீவு முடிந்து எத்தியோப்பியா திரும்பும் உங்கள் கம்பெனி அந்தோணியிடம் இதைக் கொடுக்கிறேன். உங்களிடம் மட்டும்தான் தருவேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது. பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. என் இங்கிலீஷ் வகுப்பில் இப்போது ஷூ கம்பெனி சூப்பர்வைசர்கள்தான் ஜாஸ்தி. நேற்று சகீனா, “மேடம், உங்க பேனாவ எனக்கு பாரோ பண்ணுங்க” என்றாள். நாம் வாங்கினால் பாரோ, கொடுத்தால் லெண்ட் என்று சொல்லும்போதே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே மேனேஜரிடம் இங்கிலீஷில் பேசவேண்டும் என்றுதானே, தினம் ஒரு மெசேஜ் இங்கிலீஷில் எழுதுவது, நான் திருத்தி அனுப்புவது என்று பேசிக்கொண்டோம்? ‘ஐ ஒர்க்டு ஹார்ட்லி டுடே’ என்று எழுதுவீர்கள். கஷ்டப்பட்டு உழைத்தால் ஹார்ட், ஹார்ட்லி என்றால் வேலையே செய்யாத மாதிரி, சம்பளம் எதற்கு என்று கிண்டல் செய்வேன். உடனே போன் போட்டு, “ஹார்டுக்கு அப்புறம் லி போட்டா இன்னும் ஜாஸ்திதானே ஆவணும்? இது இன்னா நியாயம்?” என்று சண்டைக்கு வருவீர்கள்.

ஈஸ்டருக்குப் பிறகு உங்கள் மெசேஜில் ஒரு தப்புகூட இல்லை. முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் வயிறு எரிந்தது. யாரோ ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தருகிறாள் என்று நினைத்தேன், மறைப்பானேன். சோதித்துப் பார்க்க நானே வேண்டுமென்று ஹார்ட்லி போட்டு அனுப்பினேன். நீங்களாக இருந்தால் என்னைச் சும்மா விட்டிருப்பீர்களா? ‘டேக் ரெஸ்ட், டியர்’ என்று பதில் வந்தது. கல்யாணமானதிலிருந்து நீங்கள் என்னை டியர் என்று கூப்பிட்டதே கிடையாது.

வீடியோ காலில் இப்போதெல்லாம் முகம் மட்டும்தான் தெரிகிறது. போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிடுகிறீர்கள். ஒருநாள் இடது கையால் டீ குடித்தீர்கள். ஏன் என்று கேட்பதற்குள் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய காபிப் பொடியோடு அந்தோணி வந்தான். “அண்ணனுக்கு இன்னா அண்ணி, நல்லா கீறாரு” என்று வாசலைப் பார்த்துச் சொன்னான். மெசேஜ் எழுதுவது எந்தப் பெண் என்று நேராகவே கேட்டேன். “ஐயோ, அப்டியெல்லாம் இல்ல அண்ணி, ரூம்ல கூட கீற ஹம்மாதுதான் எழுதித் தர்றாரு” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். டீயைக் குடிக்காமலே கிளம்பிப் போய்விட்டான்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. பெண்ணாக இருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இங்கே ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் மெஷினில் இருந்தபோது நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனையும் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே மாட்டாது என்றீர்கள். வேலை சீக்கிரம் ஆக ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிடுவோம் என்று சிரித்தீர்கள். அன்றைக்கே திட்டினேன். அங்கேயும் அதே மெஷின்தான், டார்கெட் ரொம்ப ஜாஸ்தி என்று நீங்கள் எழுதியதும் ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால்தான்.

ஹம்மாதின் இங்கிலீஷ் எனக்கு வேண்டாம். அவர் நல்ல மனிதர், அவர்மேல் கோபம் இல்லை. உங்கள் மேல்தான் கோபம். என்னிடம் மறைக்கலாமா? ஒரே ஒரு வரி காகிதத்தில் நீங்களே எழுதி, போட்டோ எடுத்து அனுப்புங்கள். எந்தக் கையால் எழுதினாலும் சரி. எழுத்து கோணலாக இருக்கட்டும், ஹார்ட்லி என்றே இருக்கட்டும், நான் திருத்தமாட்டேன். வேலை போனால் போகட்டும், என் வகுப்பு இருக்கிறது.

உங்களுக்கு எது எழுதினாலும், ஆண்டவர் உங்கள் வலது கையைப் பிடித்து நடத்துவாராக என்றுதான் முடிப்பேன். இன்றைக்கு அதை எழுதப் பயமாக இருக்கிறது. எந்தக் கையையாவது பிடித்து அவர் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஷர்மிளா