பூட்டிய பிரசவ வார்டு

தம்பிக்கு,

நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடி மூன்று வாரமாகிறது. ஆணை வந்த அன்றே உனக்குப் போன் செய்தேன். "அக்கா, நாட்டுல வியாபாரம் இன்னும் சூடு பிடிக்கல, வரி வசூலும் படுத்துக் கிடக்கு. அரசாங்கம் எங்கயாவது கை வச்சுத்தானே ஆகணும்? பெரிய ஆஸ்பத்திரி ஒரு மணி நேரம்தானே" என்றாய். நிதித்துறையில் இருக்கிற உனக்குத் தெரியாததா என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தையல் கடைக்காரி ஒருத்தி வலியோடு வந்தாள். வார்டு பூட்டிக் கிடந்தது. இருக்கிற ஒரே ஆம்புலன்ஸ் வந்து சேரவே நாற்பது நிமிடம் ஆனது. நானும் கூடவே ஏறினேன். பாதி வழியிலேயே பிரசவமாகிவிட்டது. "குழந்தை ஏன் சிஸ்டர் அழல?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் பிழைத்துக்கொண்டாள். குழந்தை கடைசி வரை அழவே இல்லை.

நேற்று மேலதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். "அந்தம்மா லேட்டா வந்தாங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்கும் நல்லது, உங்க தம்பிக்கும் நல்லது" என்றார்.

அவள் நேரத்தோடுதான் வந்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வார்டு ஏன் பூட்டியிருந்தது என்பதற்கு, நீ கையெழுத்துப் போட்ட ஆணையின் நகலையும் இணைத்திருக்கிறேன். உன்னையும் கூப்பிடுவார்கள்.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அக்கா காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று நீயே போய்ச் சொல். ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்.

உன் அக்கா