இடது கைக்கு வாகாக

டாக்குரியா,
12 நவம்பர் 2001

அன்புள்ள பூங்கோதைக்கு,

ஜலஜா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஜம்ஷெட்பூரில் உன் வீட்டுக்காரர் மஹாதேவனும் மாமியாரும் சௌக்கியம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டு வங்காளி பௌதியுடன் மறுபடி லேக்குக்கு நடக்கப் போகிறாள். நடையைவிடப் பேச்சுதான் அதிகம்.

உன் கடிதம் கிடைத்தது. கல்யாணத்துக்குப் பிறகு பில்லியர்ட்ஸ் மேஜையில் ஆடவே இல்லை, ஜோடிப் போட்டிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு வந்த கோபத்துக்கு, நீ எதிரில் இருந்திருந்தால் ஒரு குட்டு வைத்திருப்பேன்.

சரி, சொன்னபடியே செய்தேன். ஆபீஸ் கிளப்பில் அக்கவுண்ட்ஸ் ஸ்ரீனிவாசராகவன் சாரைச் சேர்த்துக்கொண்டேன். நான் இப்போது பழைய ஜலஜா இல்லை. கலர் பந்தைக் குழியில் தள்ளிவிட்டு வெள்ளைப் பந்தைப் பரதேசியாக அலையவிடுகிறேன் என்று திட்டுவாயே? தினமும் ஆபீஸ் விட்டதும், மேஜைமேல் செய்தித்தாளை நாலாக மடித்துப் போட்டு, வெள்ளைப் பந்து அதன்மேல் வந்து நிற்கும்வரை அடித்துப் பழகினேன். நடுவில் தட்டினால் நிற்கிறது, கீழே தட்டினால் பின்னால் வருகிறது. என் பேச்சைக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான்.

ஜோடி ஆட்டத்தில் மாறி மாறி ஆளுக்கு ஒரு அடியாயிற்றே. சனிக்கிழமை நான் அழகாக நிறுத்திய பந்தை சாரால் எட்டவே முடியவில்லை. மேஜைமேல் குப்புறப் படுத்தார், இரண்டு காலும் அந்தரத்தில். புள்ளி குறிக்கிற மார்க்கர் நந்துதா, ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும், ஃபவுல் என்றார். அடுத்தடுத்த முறையும் அதே கூத்து. சார் மூச்சு வாங்கிக்கொண்டே, உன் பழைய ஜோடி இடது கைக்காரியோ என்று கேட்டார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. இத்தனை நாளும் செய்தித்தாளை உன் கைக்கு வாகான இடத்தில்தான் போட்டிருக்கிறேன்! எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

சார் தாமாகவே விலகிக்கொண்டார், பாவம். போட்டிக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். டிசம்பர் இரண்டு, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் ஸ்டீல் எக்ஸ்பிரஸில் வா; ஹவுராவில் நான் நிற்பேன். வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்காதே. மஹாதேவனையும் கூட்டி வா, கைதட்ட ஆள் வேண்டும். கை மறந்திருக்குமே என்றும் பயப்படாதே. தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறோம்.

உங்கள் இருவருக்கும் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். நீ வராவிட்டாலும் நான் தனியாகப் போய் மேஜையருகில் நிற்பேன். உன் பெயரைக் கூப்பிட்டால், வந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் ஜோடி
ஜலஜா