மெத்தைக் கிடங்கில் பள்ளிக்கூடம்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தலையணைச் சரக்கு வந்து இறங்கியது. நான்கைந்தில் தையல் விட்டிருந்தது, திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். நல்ல வெயில். கடைக்குப் பின்னாலிருக்கும் கிடங்கு பாதி காலியாகத்தான் கிடக்கிறது. அதைப் புது ஷோரூமாக மாற்றிவிட வேண்டும் என்று இவர் வரைபடமெல்லாம் போட்டு வைத்திருக்கிறார். எனக்கும் ஆசைதான். கண்ணாடி முகப்பு, நல்ல விளக்கு, ஆட்கள் கூச்சப்படாமல் படுத்துப் பார்க்க ஒரு மறைப்பு. இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், உள்ளங்கையால் இரண்டு அழுத்து அழுத்திவிட்டு மெத்தையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். படுத்துப் பாருங்கள் என்றால் ஏதோ தப்புத்தண்டா செய்யச் சொன்னதுபோல முழிக்கிறார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அடுத்த தெருத் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை கடைக்கு வந்தார். ஊரில் எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் சொல்கிறார்கள். ஆள் என்னவோ என் தோள் உயரம்தான். மெத்தை வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்தேன்.

"மெத்தை வேணாம்மா. இடம்தான் வேணும்."

விடுமுறையில் பள்ளிக் கட்டிடத்தைப் பார்க்க வந்த இன்ஜினியர் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பூட்டுப் போட்டுவிட்டாராம். பழுது பார்த்து முடிக்க ஆறேழு மாதம் ஆகும். செப்டம்பர் ஒன்றாம் தேதி பள்ளி திறந்தாக வேண்டும். வேறு இடம் பிடித்து நடத்திக்கொள்ளலாம், ஆனால் முதல் வாரத்திற்குள் பாதிக் குடும்பமாவது திரும்பி வராவிட்டால் பிள்ளைகளை இரண்டு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவோம் என்று கல்வி அலுவலகம் சொல்லிவிட்டது. ஒரு பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். இன்னொன்றுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

"அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. ஆளே இல்லாத பள்ளிக்கூடத்த எப்படி நடத்துவாங்க?" என்றார்.

வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "சரிம்மா. அதுவரைக்கும் உள்ள ஒரு தடவ பாத்துக்கட்டுமா?" என்றார்.

கிடங்கைத் திறந்துவிட்டேன். ஒரு சுற்று நடந்தார். பிறகு இஸ்திரி மடிப்புக் கலையாத உடுப்போடு அப்படியே தரையில் மண்டியிட்டார். எதையோ கீழே போட்டுவிட்டார் என்று நானும் குனிந்து தேடினேன். அவர் மண்டியிட்டபடியே சுவர் ஓரமாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தார். தூசி எல்லாம் முட்டியில். "இந்த உயரத்துல ஒரு ஆணி இருக்கு பாருங்க. ஆறு வயசுப் பிள்ளைக்கு இது சரியா கண்ணு மட்டம்."

எத்தனையோ வருடமாக அந்தச் சுவரைக் கடந்து போகிறேன். அந்த ஆணியைப் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

இவரிடம் சொன்னேன். "பள்ளிக்கூடமா? நமக்கு வேற வேலவெட்டி இல்லையா? அந்தச் சத்தத்துல வர்ற கஸ்டமரும் காதப் பொத்திக்கிட்டு ஓடிருவான்" என்றார்.

"ஆறு மாசம்தானே" என்றேன்.

நானே இன்னும் முடிவு செய்யவில்லை. பிறகு யாருக்காக வாதாடினேன்?

ஆகஸ்ட் 18, திங்கள்

சரி என்று சொல்லிவிட்டேன். இனி ஆண்டவன் விட்ட வழி.

ஆகஸ்ட் 21, வியாழன்

மூன்று நாளாக ஆசிரியர்கள் வந்து கிடங்கைக் கூட்டிக் கழுவுகிறார்கள். ஒன்றாம் வகுப்பு வாத்தியார் நல்ல நெட்டை, ஷட்டரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு முறை தலையில் இடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்று ஷட்டரிடமே சொல்கிறார்.

வகுப்புகளுக்கு நடுவே தடுப்பு வேண்டும், ஒரு வகுப்பின் சத்தம் இன்னொன்றுக்குப் போகக் கூடாது. அட்டை வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. நான் போகிற போக்கில், விற்காத பழைய மெத்தைகளை நிறுத்திக் கட்டினால் சத்தத்தைக் குடித்துவிடும் என்றேன். பெரிய டீச்சர் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க முதல்லயே எங்ககூட இருந்திருக்கணும்" என்றார்.

இவர் மெத்தைச் சுவர்களை வந்து பார்த்தார். "படுக்கத்தான் ஆள் வரல. நிக்கவாவது வேலை கிடைச்சுதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று பெற்றோர் கூட்டம், கிடங்கிலேயே. வரிசையாக எழுதுகிறேன்.

கூட்டம் நிறையத்தான் வந்தது. முகங்கள்தான் சரியில்லை. ஒருவர் எடுத்த எடுப்பிலேயே, "எங்க பிள்ளைங்க என்ன மூட்டையா, கிடங்குல அடுக்கறதுக்கு?" என்றார். சிலர் சிரித்தார்கள். பெரிய டீச்சரும் சிரித்தார். "அடுக்க முடிஞ்சா எனக்கு வேலை சுலபம்ங்க. ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்க மாட்டாங்களே" என்றார். கூட்டம் கொஞ்சம் இளகியது.

அப்போது மருந்துக்கடை அம்மா எழுந்தார். மூன்றாம் வகுப்பில் அவருடைய மகள் படிக்கிறாள். சத்தமே போடாமல் கேட்டார். "பாத்ரூம் எத்தன இருக்கு?"

கிடங்கில் வேலையாட்களுக்கென்று ஒன்றுதான். முற்றத்தில் இன்னும் இரண்டு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"மூணு. அதுவும் ஆம்பள பொம்பள எல்லாருக்கும். எம் பொண்ணு வெளியில போகவே மாட்டா டீச்சர். காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டே உக்காந்திருப்பா. போன வருஷம் அதனாலயே காய்ச்சல் வந்து படுத்தா. உங்களுக்கே தெரியும்."

பெரிய டீச்சர் சமாளிக்கவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியம். நானாக இருந்தால் ஏதாவது சொல்லிப் பூசி மெழுகியிருப்பேன், கடைக்காரிக்கு வாய் தானாக வரும். அவர், "தெரியும். நீங்க கேக்கறது நியாயம். எங்கிட்ட இப்ப பதில் இல்ல. திறக்கறதுக்குள்ள ஒரு வழி பண்ண முடியலன்னா, நானே உங்க வீட்டுக்கு வந்து, இங்க அனுப்பாதீங்கன்னு சொல்றேன்" என்றார்.

பின்னாலிருந்து ஒரு குரல், "கடைக்கு மேல, எங்க வீட்டு மாடியில ரெண்டு இருக்கு. பொம்பளப் பிள்ளைங்க அங்க வரலாம்" என்றது.

என் குரல்தான்.

இவர் ஷட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் கூட்டம் முடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

இவர் பேசவில்லை. காப்பி மட்டும் குடித்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வெல்டர் வந்து மாடிப்படியில் நிற்கிறார். யார் கூப்பிட்டது என்று கேட்டால் இவரைக் காட்டுகிறார். இவர் செய்தித்தாளை விட்டுத் தலையைத் தூக்காமல், "கைப்பிடிக் கம்பிக்கு நடுவுல அவ்வளவு சந்து இருக்கு. சின்னப் பிள்ள தலையக் குடுத்துச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார்.

உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பெரிய டீச்சர் மாலை வேளைகளில் வீடு வீடாகப் போகிறார். இன்று நானும் போனேன். தையற்கடை மேலே ஒரு வீடு. அந்த அப்பா கதவைப் பாதிதான் திறந்தார். "நாங்க வேற ஸ்கூல்ல சேத்துட்டோம் டீச்சர். மனசுல வெச்சுக்காதீங்க."

கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். "நல்ல ஸ்கூல்தாங்க அது. அங்க டீச்சர்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிருங்க. அவனுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். முன் வரிசைல இடது ஓரமா உக்கார வெச்சாங்கன்னா நல்லாக் கேக்கும். கேக்கலன்னா சொல்ல மாட்டான், வெக்கப்படுவான். அவங்களாத்தான் பாத்துக்கணும்."

கதவு முழுக்கத் திறந்தது. பையன் உள்ளேயிருந்து கை ஆட்டினான்.

ஒரு பிள்ளை போனால்கூடப் பள்ளிக்கு நஷ்டம் என்கிற நேரத்தில் இதைச் செய்கிறார். என் கடையை விட்டு எதிர்க்கடைக்குப் போகிறவனிடம், அங்கே எந்த மெத்தை உன் முதுகுக்கு ஒத்துக்கொள்ளும் என்று நான் சொல்வேனா? படியிறங்கும்போது கேட்டேன், "இனி அவன் வர மாட்டான்தானே?"

"மாட்டான்" என்றார். "பாவம், அந்த ஸ்கூல்ல யாரையும் தெரியாது அவனுக்கு."

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெள்ளையடித்த வாசம் இன்னும் போகவில்லை. மழை வரும்போல் இருக்கிறது. வர வேண்டாம்.

செப்டம்பர் 1, திங்கள்

மழை வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து விடாத தூறல்.

ஷட்டர் வாசலில் பெரிய டீச்சர் நின்றார். எட்டு மணிக்கு ஓர் அம்மாவும் இரட்டைப் பிள்ளைகளும் வந்தார்கள். பிறகு ரொம்ப நேரம் யாரும் இல்லை. பிறகு ஒரு தாத்தா, குடைக்குள் பேத்தி. நான் கடை வாசலில் நின்று சாலையையே பார்த்தேன். தூரத்தில் எந்தக் குடை தெரிந்தாலும் மனம் எம்பியது, அது நேரே போய்விட்டால் சப்பென்றானது. நெட்டை வாத்தியாரும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

பெரிய டீச்சர் மட்டும் சாலையைப் பார்க்கவில்லை. அவருக்கு இருக்கும் எல்லாமே அந்தச் சாலையில்தான் வர வேண்டும், ஆனால் எந்தப் பிள்ளை முன்னால் நின்றதோ அதன் உயரத்துக்குக் குனிந்து, அதன் முகத்தை மட்டும் பார்த்தார். "முன் பல்லு ரெண்டும் எங்க போச்சு? விழுந்துச்சா, வித்துட்டியா?" என்று கேட்டார். "தம்பி பொறந்துட்டானாமே. ரொம்ப அழுவுறானா?" பெரியவர்களிடமும் அப்படித்தான். ஓர் அப்பாவின் கையைப் பிடித்து, "மழையில இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்களே" என்றார், அவ்வளவுதான். அந்த ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, அவர் ஒரு பிள்ளையின் தலைக்கு மேலே பார்வையை விட்டு அடுத்து யாராவது வருகிறார்களா என்று பார்க்கவில்லை.

பாதிகூட வரவில்லை. மருந்துக்கடை அம்மா வரவில்லை.

பிள்ளைகள் போன பிறகு தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "பயமா இல்லையா டீச்சர்?"

"இல்லாம என்ன? விடியிறதுக்குள்ள பேர் பட்டியல நாலு தடவ எண்ணிட்டுத்தான் வந்தேன்."

"முகத்துல ஒண்ணுமே தெரியலையே."

"பிள்ளைங்க புது இடம்னு ஏற்கெனவே பயந்துபோய் வருதுங்க. எம் பயத்தையும் சேத்து எதுக்குச் சுமக்கணும்?"

டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் குடித்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நேற்றைவிடக் கொஞ்சம் அதிகம். சத்தம். அப்பப்பா, என்ன சத்தம்.

செப்டம்பர் 3, புதன்

மருந்துக்கடை அம்மா மகளோடு வந்தார். கிடங்குக்குள் போகவில்லை. "மாடி எந்தப் பக்கம்?" என்று நேராக என்னிடம் கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கதவையும் திறந்து பார்த்தார், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார். சோதனை அதிகாரி மாதிரி. என் வீட்டு பாத்ரூமை இப்படி யாரும் பார்த்ததில்லை.

பிறகு மகளிடம் குனிந்து, "போறியா?" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். "நீங்க கீழ நிப்பீங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"நிப்பேன். நீ எப்ப வந்தாலும் நிப்பேன்."

சொல்லிவிட்டேன். இனி வெளியூர் சரக்கெடுக்க இவர்தான் போக வேண்டும்.

மத்தியானம் மருந்துக்கடை அம்மா யார் யாரிடம் பேசினாரோ, மூன்று மணிக்கே நாலைந்து பேர் வந்து வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வகுப்பு வகுப்பாகத் தலைகளை எண்ணினார். இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் ஓயாமல் இடம் மாறியதால் மூன்று தடவை எண்ண வேண்டியதாயிற்று. பாதியைத் தாண்டிவிட்டது. "மெத்தைல சுவரா?" என்று கையால் இரண்டு அழுத்து அழுத்திப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான்.

அவர் போன பிறகு பெரிய டீச்சர் யாருக்கும் தெரியாமல் கிடங்கின் பின்பக்கம் போய் நின்றார். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் அவர் தனியாக அழட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

பல நாளாக எழுதவில்லை. நேரம் எங்கே இருக்கிறது. வியாபாரம் குறையவில்லை, பிள்ளையை விட வருகிறவர்கள் தலையணை உறையாவது வாங்கிக்கொண்டு போகிறார்கள். நெட்டை வாத்தியாருக்கு ஷட்டரில் ஒரு ஸ்பாஞ்சு ஒட்டிக் கொடுத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

காலை பத்து மணி. பாடம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண் சாலையில் நின்று எங்கள் போர்டை இரண்டு தடவை படித்தாள். பின்னால் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு பையோடு ஒரு சிறுமி.

"இங்க ஸ்கூல் இருக்குன்னு சொன்னாங்க. மெத்தைக் கடைன்னு போட்டிருக்கே?" போன வாரம்தான் இந்த ஊருக்குக் குடிவந்திருக்கிறார்களாம். ஆளைத் தெரியாது, தெருவைத் தெரியாது.

"சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. உள்ள வாங்க" என்றேன். பெரிய டீச்சர் வகுப்பில் இருந்தார், கூப்பிட மனம் வரவில்லை. கடையில் இரண்டு பேர் மெத்தையை அழுத்திக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

"நீங்க டீச்சரா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா." சிறுமியிடம், "பைல என்ன வெச்சிருக்க? தூக்க முடியாம தூக்குற?" என்று கேட்டேன். "கல்லா?" இல்லை என்று தலையாட்டினாள். "யானையா?" அதற்கும் இல்லை. ஆனால் முகத்தில் ஒரு மூலை சிரித்தது.

திரும்பிக் கடைக்குள் இவரைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "வந்தவங்களக் கவனிங்க. நம்ம ஸ்கூலுக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா."

இவர் வந்தவர்களை விட்டுவிட்டு வெளியே வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "எந்த கிளாஸ்?" என்று கேட்டார்.

"ரெண்டாவது" என்றாள் சிறுமி. அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எப்போது என் பக்கம் வந்து நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை.