பாங்கும் மெயின் சுவிட்சும்

17 நவம்பர் 2006, வெள்ளி இரவு

கம்பம் ஏலக்காய்க் கடையில் மாலையில் கம்ப்யூட்டரில் பதிந்த எடைக் கோப்புகள் சில வாரமாகக் காலையில் வெறுமையாகக் கிடந்தன. நான் எழுதிய புதுப் புரோகிராம்தான் தப்பு என்று முதலாளி காதில் அவருடைய மைத்துனர் ஓதிவிட்டார். நான் எம்.எஸ்ஸி.; மைத்துனரோ பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனாலும் திங்களன்று மதுரையிலிருந்து என் இடத்துக்கு வேறு ஆள் வருவதாக இருந்தது.

என் சந்தேகம் வேறு. மாலையில் பள்ளிவாசலிலிருந்து மஃரிப் பாங்கு கேட்டதும் முதலாளி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் தொழுகைக்குப் போய்விடுவார். கம்ப்யூட்டரும் அதோடு அணைந்துவிடும்.

இன்று மதியம் ஒரு கோப்பை எழுதும் நாலு வரிக் கட்டளையை, அதாவது ஷெல் ஸ்கிரிப்டை, ஓட்டிவிட்டு, முதலாளியையே சுவிட்சை இறக்கச் சொன்னேன். திரும்பப் போட்டபோது கோப்பு வெறுமை. எழுதியது உடனே டிஸ்குக்குப் போகாது, சற்று நேரம் மெமரியில் நிற்கும் என்று விளக்கினேன். உடனே டிஸ்கில் இறக்கும் கட்டளையைச் சேர்த்து ஓட்டினேன். முதலாளி மறுபடி சுவிட்சை இறக்கிப் போட்டார். இம்முறை கோப்பு முழுசாக இருந்தது.

“தற்செயலா இருக்கும்,” என்றார் மைத்துனர்.

“நீ சும்மா இரு மச்சான். தெனமும் அதக் கொன்னது நாந்தேன்,” என்றார் முதலாளி. மதுரைக்காரரை வர வேண்டாம் என்று போனில் சொன்னார். என்னிடம் ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை.

மாலையில் பாங்கு கேட்டது. முதலாளி சுவிட்சில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“சார், அணைக்கலாமா?”

இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் என்னைக் கேட்டு நடந்த முதல் காரியம்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றேன். வேலை எதுவும் பாக்கியில்லை. சும்மாதான் சொன்னேன்.