நாற்பது பேரில் ஒருத்தி

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் கழுத்துக் கட்டியைப் பற்றி அம்மா சொல்லிவிட்டாள். இத்தனை வருஷமாக நீ இயக்கிய கதிர்வீச்சு மெஷினுக்குக் கீழே திங்கட்கிழமை நீயே படுக்கப் போகிறாயாம்.

அதே டேபிளில்தான் நானும் படுத்தேன். மூன்றாவது வாரமே மார்புத் தோல் வெந்து, ரவிக்கையோடு உரிந்து வந்தது. உன்னிடம் காட்டி அழுதேன். காத்திருந்தவர்கள் முன்னால் நீ சொன்னாய்: "தினமும் நாப்பது பேருக்குக் கொடுக்கிறேன். எல்லாருக்கும் இதே டோஸ்தான். யாரும் இப்படிக் கத்தல. நாடகம் போடாதேக்கா."

அதற்குப் பிறகு வாயில் துணியை வைத்துக்கொண்டுதான் படுத்தேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

போன வாரம் என் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. "கதிர் பட்ட இடத்தைச் சரிபண்ற வேலை உங்க உடம்புல பிறவியிலேயே மந்தம். மத்தவங்க தாங்குற டோஸ் உங்களுக்குத் தாங்காது" என்றார் டாக்டர். கூடப் பிறந்தவர்களுக்கும் இது இருக்கலாமாம்.

அந்த ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். டேபிளில் ஏறுவதற்கு முன்னால் உன் டாக்டரிடம் காட்டு. உன் ரத்தத்தையும் சோதிக்கச் சொல். பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மாவால் இதை இன்னொரு தடவை பார்க்க முடியாது.

காட்டக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை என்றால் விட்டுவிடு. ஆனால் தோல் உரியும்போது கத்தாதே. தினமும் நாற்பது பேர் வருகிறார்கள். யாரும் கத்துவதில்லை.

இப்படிக்கு,
நாடகக்காரி