உன் பாடத்தில் விடுபட்ட வீடு

அன்பு மகள் இளவரசிக்கு,

தோணிரேவிலிருந்து அம்மா எழுதுவது. நான் இங்கே கை கால் சுகத்தோடு இருக்கிறேன். நீ ஜெர்மனிக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன்.

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் படிக்கிறவர்கள் பூமியைக் கெடுக்காமல் வேலை செய்யவும் படிக்கணும் என்று, அந்தப் பாடத்தை எழுத மாணவர்களையே கூப்பிட்டார்களாமே உங்கள் பல்கலைக்கழகத்தில். கரண்டு மிச்சம் பிடிக்கப் பாடம் எதற்கு, நம்ம ஊருக்கு வந்தால் மத்தியானம் அதுவே நின்றுவிடும். அது போகட்டும், நீ எழுதிய பாடத்தில் நம் ஏரியின் பாடு முறையை வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறாயே. சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த வீடு நாளைக்கு அந்த வீடு என்று முறை வைத்து இறால் பிடிப்பதால் ஏரியும் பிழைக்கிறது, யாருக்கும் குறையில்லை, இதேபோல் ஒரு புரோகிராம் எழுதுங்கள் என்று சொல்லிக் கைதட்டல் வேறு வாங்கினாய். யாருக்கும் குறையில்லையாடி? உன் நைனா போனதிலிருந்து நம் வீட்டுப் பேரில் சீட்டு உண்டா? ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது என்பதை விமானம் ஏறும்போதே மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

இன்னும் கேள். போன வாரம் சீட்டுப் போட ஊர் கூடியது. வலையும் தோணியும் சும்மா கிடக்கின்றன, கூலிக்கு ஆள் வைத்தாவது போடுகிறேன், என் பேரையும் எழுதுங்கள் என்று போய்க் கேட்டேன். தலைவர் சின்னதம்பி போனை எடுத்து உன் வீடியோவைப் போட்டுக் காட்டி, இன்னாமே, உம் பொண்ணே நம்ம முறை நல்ல முறைனு சொல்லிக்கீது, ஃபாரின்ல பாடமே வச்சிக்கிறாங்கோ, நீ இன்னா மாத்தச் சொல்றன்னு கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பெற்றவளுக்கு நல்ல உபகாரம் செய்தாய் போ. அதிலும் பார், உன் முகம் திரையில் தெரிந்ததும் இந்தப் பாழும் மனசு பூரித்துத்தான் போயிற்று.

ஆம்பளை இல்லாத வீட்டுக்கும் முறை வருகிற மாதிரி உன் பாடம் படிக்கிற பிள்ளைகளை அந்தப் புரோகிராமைத் திருப்பி எழுதச் சொல். அப்போது ஏரி வற்றிப்போகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். பார்த்ததை நீயே பேசி இன்னொரு வீடியோவாக ஊர் குரூப்பில் போடு. பொங்கல் கழிந்ததும் மறுபடி சீட்டு, நான் போய் நிற்பேன்.

நல்லா இரு, கண்ணு. தலைக்குக் குல்லா போட மறக்காதே. வீடியோவில் தருமன் மகள் என்று நைனா பேரைச் சொல்லித் தொடங்கினாய், அவர் இருந்தால் மனம் குளிர்ந்திருப்பார். இந்தத் தடவை மணியம்மாள் மகள் என்று சொல்லித் தொடங்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
மணியம்மாள்