கோர்ட்டில் நான் அத்தை

பாப்பாவின் அப்பாவுக்கு,

நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன். பதறாமல் படியுங்கள்.

நேற்று பாப்பாவின் வழக்கு விசாரணைக்கு வந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளைகளுக்காகப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவர்கள் இலவசமாக வழக்கு நடத்துகிறார்கள் என்று சொன்னேனே, அவர்கள் போட்டதுதான். இவள் இங்கே, நமக்குப் பிறந்தவள் என்று நிரூபித்தால் குடியுரிமை கிடைக்கும். இல்லாவிட்டால் யாருமற்ற பிள்ளை என்று அரசாங்க விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. நம் வழக்கைப் பார்க்கிற மாணவி ஒல்லிக்குச்சி, கோட்டு தோளில் நிற்காது. ஆனால் வாயைத் திறந்தால் பட்டாசு. ஜட்ஜம்மா மனம் இளகி, பாப்பாவை அருகில் அழைத்து, என்னைக் காட்டி, "இவங்க யாரும்மா?" என்று கேட்டார்.

வாசலில் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். பாப்பா அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அத்தை" என்றாள்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோம், போங்கள்! சீருடையைக் கண்டால் நான் அத்தை, நீங்கள் யாரோ என்று சோறு ஊட்டும்போதே சொல்லிக்கொடுத்தது நாம்தானே? காகிதம் இல்லாத நாம் பிடிபட்டாலும் பிள்ளை தப்பட்டும் என்று நினைத்தோம். கெட்டிக்காரி, மறக்கவே இல்லை. வெளியே வந்ததும், சரியாகச் சொன்னேனா என்று என் காதில் கேட்கிறாள். அறைவதா அணைப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அரசாங்க வக்கீல் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, நான் பெற்றவளே இல்லை என்கிறார். மாணவி விடாமல் மல்லுக்கட்டி அவகாசம் வாங்கினாள். அடுத்த முறை பெற்றவர்கள் இருவரும் நேரில் வந்து, இரத்தப் பரிசோதனைக்குச் சம்மதிக்க வேண்டுமாம். என்னைப் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கினார்களே, உங்களுக்கும் அதைக் கேட்டிருக்கிறார்கள். கிடைக்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது என்று அவர்களுடைய பேராசிரியை மறைக்காமல் சொன்னார். வருவதும் வராததும் உங்கள் முடிவாக இருக்க வேண்டுமாம்.

வாருங்கள் என்று எழுதப் பயமாக இருக்கிறது. வராதீர்கள் என்று எழுதினால் பிள்ளை போய்விடும்.

வந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு யாரோ மாதிரி போகாதீர்கள். எத்தனை போலீஸ் நின்றாலும், பாப்பா பார்க்க, என் பக்கத்தில் வந்து நில்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி,
பாப்பாவின் அம்மா